வேடியப்பன் கல்லுக்குப் பெயிண்ட் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

சண்டையில் இறந்த வீரனுக்காக நட்ட நினைவுக்கல்லான நடுகல் பற்றிப் பத்திரிகைகளில் வரும் செய்திகள் பெரும்பாலும் 'புதிதாகக் கண்டெடுப்பு' என்பதோடு முடிந்துவிடுகின்றன. கண்டெடுத்த கல்லுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று யாரும் எழுதுவதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அது பல இடங்களில் ஒரே மாதிரிதான் ஆகிறது: மேலே தகர ஷெட், அடியில் டைல்ஸ் மேடை, கல் முழுக்க எனாமல் பெயிண்ட். செய்பவர்கள் பக்தியோடுதான் செய்கிறார்கள். ஆகவே ஊர்த் திருப்பணிக் குழுக்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இந்தப் பகுதியில் இத்தனை நடுகற்கள் மிஞ்சியதற்கு வழிபாடுதான் முதல் காரணம். வேடியப்பன் என்று பெயரிட்டுப் பொங்கல் வைத்துக் கும்பிட்ட கல் நின்றது. கும்பிட ஆளில்லாத கல் வரப்புக்கும், துணி துவைக்கவும், வாய்க்கால் மேல் பாலம் போடவும் போனது. எல்லாவற்றையும் மியூசியத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற பேச்சு எனக்கு உடன்பாடில்லை. தருமபுரி அகழ்வைப்பகத்திலும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் இருப்பவை இருக்கட்டும். மற்றவை ஊரிலேயே நிற்க வேண்டும். கல்லில் வெட்டியிருக்கும் ஊரும் நாடும் அந்த மண்ணைத்தான் சொல்கின்றன. பெயர்த்துவிட்டால் பாதிச் செய்தி போயிற்று.

பெயிண்ட் அடிக்குமுன் கல்லில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பல்லவர் காலக் கற்களில் பொதுவாக ஒரே வீரன்: இடக்கையில் வில், வலக்கையில் வாள், சிலவற்றில் உடம்பில் தைத்த அம்புகள், காலருகே கிண்டியும் (மூக்குள்ள நீர்க்குடம்) சிமிழும். எழுத்து வட்டெழுத்து, அதாவது வளைவுகள் மிகுந்த பழைய தமிழ் எழுத்து. வாசகத்துக்கு ஒரு வரிசை உண்டு. 'கோவிசைய' என்று தொடங்கி அரசன் பெயர், ஆட்சியாண்டு, அவனுக்குக் கீழிருந்த தலைவன், பிறகு சண்டைக்குக் காரணம். அது பெரும்பாலும் தொறு, அதாவது மாட்டு மந்தை. கடைசியில் இன்னான் 'பட்டான் கல்', அதாவது இறந்தவனுக்கான கல். ஓசூர்ப் பக்கத்தில் பிற்காலக் கற்கள் மூன்று அடுக்காக இருக்கும்: கீழே போர், நடுவில் தேவமகளிர் வீரனை மேலே அழைத்துப் போவது, உச்சியில் லிங்க வழிபாடு. அங்கே கன்னட எழுத்தும் வரும்.

தலைக்கு மேல் இடம் தீர்ந்தால் சிற்பி தோளோரத்திலும் கால்களுக்கு நடுவிலும் பக்க விளிம்பிலும் எழுத்தை இறக்கிவிடுவான். திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூரில் பல்லவ அரசன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போய் இறந்தவனோடு நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும், கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த வரி மேடைக்குள் புதைந்திருந்தால், 1,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு நாயின் பெயர் நமக்குக் கிடைத்திருக்காது.

எனாமல் இரண்டு வகையில் கெடுக்கிறது. எழுத்தின் ஆழம் பல கற்களில் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான்; திருவிழாதோறும் கோட்டிங் ஏற ஏற அது தூர்ந்துகொண்டே போகும். வட்டெழுத்தில் ப, வ, ய எல்லாம் நெருங்கிய வளைவுகள். வளைவின் ஓரம் மழுங்கினால் ஆள் பெயரே மாறிப்போகும். பெயிண்டர் தன் கண்ணுக்குத் தெரிந்தபடி வெள்ளையில் எழுத்தை வரைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அகநானூறு 343ஆம் பாட்டில், உமணர் என்ற உப்பு வணிகரின் வண்டிச் சக்கரம் மோதிச் சிதைந்த நடுகல்லை வழிப்போக்கர் தப்பாகப் படிக்கிறார்கள். இந்தக் கஷ்டம் அன்றைக்கே இருந்திருக்கிறது. இரண்டாவது, கல் தரையிலிருந்து உறிஞ்சும் ஈரம் பெயிண்டைத் தாண்டி வெளியேற முடியாது. உப்பு உள்ளேயே படிகமாகி மேல்தோலைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும்.

சிமெண்டும் உப்பைக் கொண்டுவருகிறது. கல் சாய்ந்திருந்தால் அடியில் சில்லுக்கற்களை இறுக்கி மண்ணிட்டுக் கெட்டிக்கலாம். மேடை வேண்டுமென்றால் கல்லைச் சுற்றி அரை அடி இடம்விட்டு, அதில் ஆற்று மணல் நிரப்பி, மேடையை வெளிப்பக்கம் சரிவாக்குங்கள், மழைத்தண்ணீர் தேங்காது. உலோகக் கவசம் மாட்டக் கல்லில் துளை போடக் கூடாது.

எண்ணெய்க் காப்பு பழைய வழக்கம் என்பார்கள். புறநானூறு 329 நடுகல்லுக்கு நாட்பலி ஊட்டி, நல்ல நீராட்டி, நெய்யிட்ட நறும்புகை காட்டுவதைச் சொல்கிறது. தகடூர் அதியமானின் நடுகல்லை ஔவை பாடும் 232ஆம் பாட்டில் மயில்பீலியும் வடித்த கள்ளும் வருகின்றன. இரண்டிலும் எண்ணெய் முழுக்கு இல்லை. எண்ணெயும் மஞ்சளும் திருநீறும் ஏறி ஏறிக் கெட்டியானால் கீழே எழுத்து இருப்பதே தெரியாது. கல்லுக்கு முன்னால் மூன்று அடி தள்ளி ஒரு சிறு கல்லை நட்டு, எண்ணெய்யை அதில் ஊற்றுங்கள். கற்பூரமும் அங்கேயே எரியட்டும். காலடியில் எரிந்தால் கல்லிலுள்ள வெவ்வேறு கனிமத் துகள்கள் வெவ்வேறு அளவில் விரிந்து, சூடு பட்ட இடம் பொருக்காக உதிரும். கல்லுக்குத் தண்ணீர், பூ, வேட்டி போதும். கழுவத் தென்னை நார் பிரஷ்தான். கம்பி பிரஷும் ஆசிட்டும் ஆகாது. ஆசிட் பட்டால் கல்லிலுள்ள இரும்பு கரைந்து செம்பழுப்புக் கறையாக நின்றுவிடும்.

வேலை தொடங்குமுன் படம் எடுத்துவையுங்கள். நேரே ஃபிளாஷ் அடித்தால் எழுத்து மறைந்துபோகும். இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து, நான்கு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு படம். ஓரத்தில் ஓர் அடிக்கோல். மாவோ சாக்பீஸோ தடவ வேண்டாம்.

மைப்படி, அதாவது கல்லெழுத்தை மையால் தாளில் பதித்து எடுக்கும் படி, எடுப்பதைப் பழகியவரிடம் விடுங்கள். நனைத்த தாளைக் கழுவிய கல்லில் ஒட்டி, அடர்ந்த பிரஷால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டிக் காற்றை வெளியேற்றுவார்கள். தாள் குழிக்குள் இறங்கி, தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரியும் பதத்தில் மையை ஒற்ற வேண்டும். ஈரம் மிஞ்சினால் மை குழிக்குள் ஊறி எல்லாம் கறுப்பாகிவிடும். அதிகம் காய்ந்தால் தாள் ஓரத்தில் எழும்பி நகர்ந்து, எழுத்து இரட்டையாக விழும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தாள் ஒட்டவே ஒட்டாது.

அஸ்திவாரம் தோண்டும்போது புதுக் கல் கிடைத்தால் வேலையை நிறுத்தி, கிராம நிர்வாக அலுவலர் வழியாக வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் சொல்லுங்கள். அதுவரை கல்லைப் புரட்டாதீர்கள்.

ஏற்கெனவே பெயிண்ட் அடித்த கல் என்றால் சுரண்ட வேண்டாம். கிரைண்டரும் மணல் பீச்சலும் பெயிண்டோடு எழுத்தையும் எடுத்துவிடும். அடுத்த திருவிழாவுக்கு மறுபடி பூசாமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது. வெயிலில் எனாமல் தானாக உரியத் தொடங்கும். மீதியை எடுப்பது பாதுகாப்பு வேதியியல் தெரிந்தவர்கள் வேலை. அவர்களும் விரல் அகல இடத்தில் சோதித்துப் பார்த்த பிறகுதான் மற்ற இடத்தில் கை வைப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்