முகர்ஜியின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அரசமைப்புச் சட்ட நாளையொட்டித் தங்கள் இதழில் வெளியான சிறப்புக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அம்பேத்கர், அச்சட்டத்தை உருவாக்கிய அரசியல் நிர்ணய சபையின் சட்ட ஆலோசகர் பி.என்.ராவ், வரைவுக் குழு உறுப்பினர்களான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், டி.டி.கிருஷ்ணமாச்சாரி ஆகியோரின் பங்கை அக்கட்டுரை அக்கறையோடு எடுத்துச் சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் தலைமை வரைவாளராக இருந்தவரும், பின்னர் 1952 முதல் 1963 வரை மாநிலங்களவையின் முதல் செயலாளராகப் பணியாற்றியவருமான எஸ்.என்.முகர்ஜியின் பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை. என் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் படித்த தமிழ்ப் பாடநூல்களிலும் அவரை நான் கண்டதில்லை. தங்கள் கட்டுரையாளர் மீது குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நெடுங்காலமாகத் தொடரும் ஒரு விடுபடலைச் சுட்டிக்காட்டவே எழுதுகிறேன்.

1948 நவம்பர் 5 அன்று அரசியல் நிர்ணய சபையில் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பேசியபோது, வரைவுக் குழு உறுப்பினர்கள் ஒவ்வொரு காரணத்தால் விலகி நிற்க, சுமை முழுவதும் அம்பேத்கர் தோளில் விழுந்தது என்று குறிப்பிட்டதைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அம்பேத்கர் அந்தப் பாராட்டைத் தம்மிடமே வைத்துக்கொள்ளவில்லை. 1949 நவம்பர் 25 அன்று ஆற்றிய நிறைவுரையில், தமக்குத் தரப்படும் பெருமையில் ஒரு பகுதி ராவைச் சேரும் என்றார்; அதைவிடப் பெரிய பங்கு தலைமை வரைவாளரான முகர்ஜியைச் சேர வேண்டும் என்றார். மிகச் சிக்கலான யோசனையையும் எளிமையும் தெளிவும் உள்ள சட்ட வடிவில் தரும் அவரது திறனுக்கு நிகர் காண்பது அரிது என்றும், அவர் துணையில்லாமல் சபை இப்பணியை முடிக்க இன்னும் பல ஆண்டுகள் ஆகியிருக்கும் என்றும் சொன்னார். முகர்ஜியின் கீழ்ப் பணியாற்றிய ஊழியர்கள் சில நாட்களில் நள்ளிரவு தாண்டியும் உழைத்ததை அம்பேத்கர் மறக்காமல் பதிவு செய்தார். அந்த உரையில் சாதியைப் பற்றியும் தனிமனித வழிபாட்டைப் பற்றியும் வரும் பகுதிகளை ஆண்டுதோறும் அச்சிடும் நாம், இந்தப் பத்தியை மட்டும் தாண்டிப் போய்விடுகிறோம்.

நான் சட்ட மொழிபெயர்ப்பில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் அந்த உரையில் வரும் எண்களைப் பார்க்கும்போது எனக்கு மலைப்பாக இருக்கும். ராவ் தயாரித்த முதல் வடிவில் 243 உறுப்புகள், அதாவது சட்டப் பிரிவுகள். வரைவுக் குழு தந்ததில் 315. நிறைவேறிய சட்டத்தில் 395. ஏறத்தாழ 7,635 திருத்தங்களுக்கு அறிவிப்புத் தரப்பட்டு, அவற்றில் 2,473 சபையில் முன்மொழியப்பட்டன. நடுவில் ஓர் உறுப்பு புதிதாக நுழைந்தால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா எண்களும் நகரும். ‘இத்தனையாவது உறுப்பின்படி’ என்று வேறெங்கோ எழுதப்பட்டிருக்கும் ஒவ்வொரு குறிப்பையும் தேடிப்பிடித்து மாற்ற வேண்டும். கணினி இல்லாத காலத்தில், தட்டச்சுத் தாளும் பேனாவும் கொண்டு இதைச் செய்தார்கள். ஒருமுறை நான் மொழிபெயர்த்த குடும்ப ஓய்வூதிய விதி ஒன்றில் ‘அல்லது’ வர வேண்டிய இடத்தில் ‘மற்றும்’ என்று விழுந்துவிட்டது. இரண்டு தகுதிகளில் ஒன்று இருந்தாலே போதும் என்ற விதி, இரண்டும் வேண்டும் என்றாகிப்போனது. மெய்ப்புத் திருத்துபவர் கண்ணில் பட்டதால் தப்பித்தோம். அந்த இரவு நான் தூங்கவில்லை. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் அப்படி விழித்திருந்த மனிதரை நினைத்தால் மரியாதை தானாக வருகிறது.

1952 மே 13 அன்று மாநிலங்களவை முதன்முறையாகக் கூடியபோது அதற்கென்று சொந்த முன்னுதாரணம் எதுவும் கிடையாது. தலைவர் இருக்கையில் டாக்டர் ராதாகிருஷ்ணன்; அவருக்குக் கீழே செயலாளராக முகர்ஜி. இரு அவைகளுக்கும் தனித்தனிச் செயலகம் வேண்டும் என்ற 98ஆவது உறுப்பு அவர் கைபட்டு உருவான சட்டத்தில்தான் இருக்கிறது. அதில் ஒரு செயலகத்தை நடத்திக் காட்டும் பொறுப்பும் அவருக்கே வந்தது.

அந்தப் பொறுப்பு எத்தனை நுட்பமானது என்பதற்கு 1954 மே மாத நிகழ்வு ஒன்று போதும். மக்களவை உறுப்பினர் என்.சி.சட்டர்ஜி (பின்னாளில் மக்களவைத் தலைவரான சோம்நாத் சட்டர்ஜியின் தந்தை) ஐதராபாத்தில் பேசியபோது, மேலவை (அதாவது மாநிலங்களவை) பொறுப்பற்ற சிறுவர் கூட்டம்போல நடந்துகொள்வதாகச் சொன்னார் என்று செய்தி வந்தது. மாநிலங்களவையில் இது, அவையின் சிறப்புரிமை மீறப்பட்டதா என்ற உரிமைப் பிரச்சினையாக எழுந்தது. செய்தி சரிதானா என்று கேட்டுச் செயலாளர் அவருக்குக் கடிதம் எழுதினார். உடனே சட்டர்ஜி மக்களவையில் எழுந்து, ஓர் அவையின் உறுப்பினரிடம் மற்றோர் அவையின் செயலாளர் விளக்கம் கேட்கலாமா என்று வினவினார். உண்மையை அறிந்துகொள்ள எழுதிய ஒரு கடிதமே இரண்டு அவைகளுக்கு இடையிலான வழக்காக மாறியது. இரு உரிமைக் குழுக்களும் சேர்ந்து அமர்ந்து ஆராய்ந்தன. மற்ற அவையின் உறுப்பினர் மீது புகார் எழுந்தால் அதை அந்த அவையின் தலைவருக்கு அனுப்பிவிட வேண்டும் என்ற நடைமுறை அங்கிருந்துதான் பிறந்தது. செயலாளருக்கு அவையில் பேச்சுரிமை கிடையாது. தம் கடிதத்தைப் பற்றி விவாதம் நடந்தாலும் அவர் எழுந்து பதில் சொல்ல முடியாது. அந்த மௌனத்தைக் காப்பதும் பதவியின் ஒரு பகுதி.

பல ஆண்டுகளுக்கு முன் தில்லியில், மாநிலங்களவைப் பார்வையாளர் மாடத்தில் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தேன். ஒழுங்குப் பிரச்சினை ஒன்று எழுந்து கூச்சல் மூண்டது. தலைவருக்குக் கீழே அமர்ந்திருந்த அதிகாரி எழுந்து பாதி திரும்பி, திறந்த புத்தகத்தின் ஒரு பக்கத்தில் விரலை வைத்து மேலே நீட்டினார். தலைவர் படித்தார், தீர்ப்புச் சொன்னார், அவை அடங்கியது. மறுநாள் நாளிதழில் தலைவரின் தீர்ப்பு மட்டும் இருந்தது.

மக்களவைச் செயலாளர்களாக இருந்த எம்.என்.கௌல், எஸ்.எல்.ஷக்தர் இருவரின் பெயரும், அவர்கள் இணைந்து எழுதி 1968இல் வெளிவந்த நாடாளுமன்ற நடைமுறை நூலால் இன்றும் அவைகளில் ஒலிக்கிறது. ஷக்தர் பின்னர் தலைமைத் தேர்தல் ஆணையராகவும் ஆனதால் கூடுதலாக நினைவில் நிற்கிறார். முகர்ஜிக்குத் தமிழில் ஒரு முழுப்பக்கக் கட்டுரைகூட என் கண்ணில் பட்டதில்லை.

ஆகவே, வரும் ஆண்டின் அரசமைப்பு நாள் சிறப்பிதழில் அவருக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அம்பேத்கர் அவரைப் பற்றிச் சொன்ன பத்தியைச் சுருக்காமல் அப்படியே அதில் வெளியிடலாம். அதை மொழிபெயர்த்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். ஊதியம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சட்ட மொழிபெயர்ப்பாளர்