6174-க்கு வந்து சேரும் எண்கள்

கொட்டகலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகனுக்குக் கண்டியிலேயே வேலை கிடைத்ததில் எங்களுக்கும் பெரிய சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். மழைதான் விட்டபாடில்லை.

பொழுதுபோக்குக்குப் புரோகிராம் எழுதுகிறாயே, இன்னும் அலுக்கவில்லையா என்று கேட்டிருந்தாய். எங்கே அலுக்கிறது? அது இப்போது என்னைக் கணக்குக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

கப்ரேக்கர் என்று ஒருவர், மகாராஷ்டிராவில் தேவ்லாலி என்ற ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். அவர் கண்டுபிடித்தது இது. நான்கு இலக்க எண் ஒன்றை எடு. நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இலக்கங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கி, அதிலிருந்து சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கியதைக் கழி. வரும் விடைக்கும் அதையே செய். டெய்லர் துரை லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை போட்ட வருஷம் 1867-ஐயே எடுத்துக்கொள்வோம்:

8761 − 1678 = 7083
8730 − 0378 = 8352
8532 − 2358 = 6174

அதற்குமேல் நகராது. 7641-இல் 1467 போனால் மறுபடியும் 6174.

பைத்தன் என்ற கணினி மொழியில் சில வரிகள் எழுதி, முன்னால் பூச்சியம் வரும் எண்களையும் சேர்த்து ஓடவிட்டேன். 9990 எண்கள். அத்தனையும் ஏழு தடவைக்குள் 6174-க்கு வந்துவிட்டன. 1867 மாதிரி மூன்றே தடவையில் வருபவைதான் அதிகம், 2400.

ஆனால் மச்சான், என் தூக்கம் போனது அதற்கு அப்புறம்தான். வருகிறது என்று லெப்டொப் காட்டிவிட்டது. ஏன் வருகிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாதே. கொப்பியை எடுத்தேன். இலக்கங்களைப் பெரிதிலிருந்து அ, ஆ, இ, ஈ என்று வைத்துக் கழித்தால் 999(அ − ஈ) + 90(ஆ − இ) என்று வருகிறது. இரண்டே இரண்டு வித்தியாசங்கள்! அவற்றுக்கு 54 சோடிகள்தான் உண்டு. அப்படியென்றால் 9990 எண்களும் முதல் கழித்தலிலேயே 54 விடைகளாகச் சுருங்கிவிடுகின்றன. அவ்வளவையும் கையாலேயே போட்டுப் பார்க்கலாம், நான் போட்டேன். சாதாரண தரப் பரீட்சைக்குச் சூத்திரங்களைப் பாடமாக்கிய நாட்களில் நம் இருவருக்கும் இந்த ருசி கிடைக்கவே இல்லையே என்று ஆதங்கமாக இருந்தது.

இரண்டு இலக்கத்தில் இப்படி ஓர் எண் கிடையாது. 09, 81, 63, 27, 45, திரும்ப 09 என்று சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்று இலக்கத்தில் ஒன்று இருக்கிறது. அதற்கு லெப்டொப்பும் தேவையில்லை, வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். எண்ணை நான் சொல்லமாட்டேன். நீ போட்டுப் பார்த்து அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் சிநேகிதன்