உன் மகளுக்குக் கொடுத்த காசு

சுங்கை சிப்புட்

அன்புள்ள மணியம்,

இங்கே எல்லாரும் நலம். தீபாவளிக்குக்கூட ஒரு போன் இல்லை என்று வீட்டில் என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். மிச்சம் இருந்தால் இதைப் படித்துவிட்டுத் திட்டு.

போன மாதம் பசார் மாலாமில், அதான் ராத்திரிச் சந்தையில், 1904-ஆம் வருஷத்து ஒரு டாலர் வெள்ளிக் காசு ஒன்று வாங்கினேன். எட்வர்ட் ராஜா தலை போட்டது. நம் தோட்டத்து லயத்துப் பாட்டி கழுத்தில் தொங்குமே, அதே மாதிரிக் காசு. விலை 180 ரிங்கிட். வீட்டில் நிறுத்தால் 23 கிராம்கூட இல்லை. 26.95 கிராம் இருக்க வேண்டும். எத்தனை கை மாறித் தேய்ந்தாலும் நாலு கிராம் குறையாது. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். விளிம்பில் பற்கள் மழுங்கி, சுற்றிலும் மெல்லிய கோடு ஓடுகிறது. இரண்டு பாதி அச்சில் வார்த்த அடையாளம் அது. 'ரிங்கிட்' என்ற மலாய்ச் சொல்லுக்கே பல்பல்லாக இருப்பது என்றுதான் பொருள். பழைய ஸ்பானிய வெள்ளிக் காசின் விளிம்பைப் பார்த்து வைத்த பெயர். முதலில் பார்க்க வேண்டிய இடம் பெயரிலேயே இருக்கிறது, மணியம்.

பணம் போனால் போகட்டும். மூன்று நாளாக நான் தூங்காததற்குக் காரணம் வேறு. உன் மகள் கல்யாணத்தில் தட்டில் வைத்துக் கொடுத்தேனே ஒரு காசு, அதையும் இந்தக் காசை விற்ற அதே ஆளிடம்தான் வாங்கினேன்.

தயவுசெய்து அதை நிறுத்துப் பார். முதலில் வருஷத்தைப் பார், எனக்கு மறந்துவிட்டது. வெள்ளி விலை ஏறியதால் 1907-இல் காசைச் சிறிதாக்கிவிட்டார்கள். 1907 முதல் 1909 வரை வந்த காசு 20.21 கிராம்தான். எடை குறைகிறதே என்று பயந்துவிடாதே. காந்தத்தை மட்டும் நம்பாதே. வெள்ளி ஒட்டாது, சரி. செம்பும் பித்தளையும்கூட ஒட்டாது.

எடை சரியாக இருந்தாலும் விடாதே. நகைக்கடைத் தராசு மாதிரி நுணுக்கமான தராசில் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கு. காசை நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாமல் முழுக்க மூழ்கவிடு. காசின் எடையை அப்போது தராசு காட்டும் எண்ணால் வகுத்தால் 10.3 அருகில் வரவேண்டும். 9-க்குப் பக்கத்தில் வந்தால் உள்ளே செம்பு, மேலே வெள்ளிப் பூச்சு. அரத்தால் தேய்ப்பது, ஆசிட் ஊற்றுவது எதுவும் வேண்டாம். நல்ல காசாக இருந்தால் நாமே கெடுத்தது போலாகும். புளி போட்டு விளக்கவும் விடாதே. தங்கச்சிக்கு அந்தப் பழக்கம் உண்டு.

அது பொய்க் காசானால் பாட்டி காசை நானே காஜாங்குக்கு எடுத்து வருகிறேன். வளையம் ஒட்டியிருப்பதால் சேகரிப்பவர்கள் அதற்கு நல்ல விலை தரமாட்டார்கள். ஆனால் அசல் வெள்ளி. தண்ணீரில் போட்டும் பார்த்துவிட்டேன். பிள்ளை கழுத்தில் போட்டுக்கொள்ளட்டும். உன்னையும் என்னையும் தூக்கி வளர்த்த கழுத்தில் கிடந்தது.

அவளிடம் இப்போதைக்குச் சொல்லாதே. சனிக்கிழமைக்குள் வருஷத்தையும் இரண்டு எண்களையும் எனக்கு அனுப்பு. ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

உன்,
ராஜு