அம்மணிக்கு, 608 பேரிங் விஷயமாக

அன்புள்ள அம்மணிக்கு,

அப்பா எழுதறேன். இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கு, டாக்டர் மாத்திரைய மட்டும் மாத்திக் குடுத்திருக்கார். மழை ரெண்டு நாள் பேஞ்சுது, நின்னுருச்சு.

நீ அனுப்பின போட்டோவும் சக்கரம் சுத்தற சத்தமும் வந்துச்சு. பட்டறையில வச்சு அஞ்சாறு தடவ போட்டுக் கேட்டேன். பையன் மோட்டார் காயில் கட்டிக்கிட்டே "என்னங்கண்ணா, மிக்ஸியா டேபிள் ஃபேனா?"ன்னு கேட்டான். எம் பொண்ணோட ஸ்கேட்போர்டுன்னு சொன்னதும் முழிச்சான். ஏழு மாசமா "நல்லாருக்கேன்பா, வேலை ஜாஸ்தி"ங்கறதத் தவிர எதுவும் வராத நம்பர்லேருந்து "பேரிங் மாத்தணுமா, கழுவுனாப் போதுமா?"ன்னு ஒரு கேள்வி. எனக்குத் தெரிஞ்ச ஒரே விஷயத்துல கேட்டிருக்க. போன்ல சொல்லலாம்னா உங்கம்மா வாங்கிக்குவா, அப்புறம் அது சாம்பார் பொடியில போய் நிக்கும். அதான் எழுதறேன். எழுதி நானே போட்டோ எடுத்து அனுப்புவேன், பையன் கையில குடுக்க மாட்டேன்.

சத்தத்துல ரெண்டு விஷயம் இருக்கு. கரகரன்னு வர்றது அழுக்கு, அது கழுவுனாப் போயிரும். நடுவுல ஒரு டிக், ஒரு சுத்து சுத்தி மறுபடியும் ஒரு டிக் வருது பாரு, அது போகாது. அது ரேஸ்ல, அதான் குண்டு ஓடற வளையத்துல, குழி விழுந்த சத்தம். குண்டு அந்தக் குழிய ஒவ்வொரு தடவ தாண்டும்போதும் டிக்குன்னு சொல்லும். போட்டோவுல ஓரம் பூரா செம்பழுப்பா இருக்கு. குளிர்காலம் முழுக்க பால்கனியில போட்டு வச்சிருந்தியா? பனி உருகறதுக்கு ரோட்டுல உப்பு கொட்டறாங்கன்னு நீதான சொன்ன. பேரிங் செய்யற இரும்புல குரோமியம் இருந்தாலும் அது துருப்பிடிக்காத இரும்பு இல்ல கண்ணு. தண்ணி பட்டா ராத்திரியோட ராத்திரியா துரு ஏறும், உப்புத் தண்ணின்னா கேக்கவே வேண்டாம்.

இத்தன வருஷம் கழிச்சு போர்டை இப்ப ஏன் எடுத்தேன்னு கேக்க மாட்டேன். எடுத்தது நல்லதுதான். மேசை ஓரத்துல ஒரு டீ டம்ளர் தெரிஞ்சுது, நாம பூ மார்க்கெட் பக்கம் வாங்கிக் குடுத்த செட்டுல ஒண்ணு. ஒண்ணுதான் இருந்துச்சு. மாப்பிள்ளை ஆபீஸ் போயிருப்பார்னு நினைச்சுக்கிட்டேன். கேட்டதாச் சொல்லு.

சோதிக்கற விதம் உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்றேன். விரல்ல மாட்டி விர்ர்னு சுத்தி எவ்வளவு நேரம் ஓடுதுன்னு பாக்காத. கடைக்கு வர்ற பாதிப் பேரு அதத்தான் செய்யறாங்க. எண்ணெயே இல்லாத காஞ்ச பேரிங்தான் சும்மா சுத்தினா ரொம்ப நேரம் சுத்தும். பாரம் ஏறினா அதோட கதை வேற. இன்னர, அதான் உள் வளையத்த, இடது கை விரல்ல பிடிச்சுக்கோ, வெளி வளையமான அவுட்டர வலது கையால மெதுவா, ரொம்ப மெதுவா திருப்பு. விரலுக்கு மண் நெரியற மாதிரி தெரிஞ்சா கழுவு. ஒரே இடத்துல தட்டுனா தூக்கிப் போடு. போர்டுக்கு எட்டு இருக்கும், எட்டையும் பாரு.

கழட்டறது சுலபம். ஆக்ஸில் நட்டுக்கு அரை இஞ்சு ஸ்பேனர் வேணும், இல்லாட்டி நம்ம 13 நம்பரும் உக்காரும். சக்கரத்தப் பாதி வெளிய இழுத்து, ஆக்ஸில் நுனியில பேரிங்க மாட்டி, லேசா சாய்ச்சுத் திருகினா கழண்டு வரும். வெளிய வர்ற சின்ன வாஷர், உள்ள ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல இருக்கற ஸ்பேசர், எல்லாத்தையும் ஒரு கிண்ணத்துல போட்டு வை. ஸ்பேசர் ஒண்ணு கூடத் தொலையக் கூடாது.

ரப்பர் மூடி இருந்தா ஊக்கு நுனிய இன்னர் பக்கமா விட்டு மெதுவா நெம்பு, வளைச்சுராத. தகர மூடின்னா ஓரத்துல ஒரு வளையக் கம்பி சுத்தி இருக்கும், அதோட வாய்ல ஊசிய விட்டு எடுக்கணும். கம்பி தெறிச்சு ஓடும், கை வச்சு மறைச்சுக்கோ. மூடிய சோப்புத் தண்ணில கழுவு, தின்னர்ல போடாத, ரப்பர் ஊதிரும். பேரிங்க நான் இங்க மண்ணெண்ணெய்ல ஊறப்போட்டு அப்புறம் பெட்ரோல்ல அலசுவேன். நீ வீட்டுக்குள்ள அதெல்லாம் வச்சுக்க வேண்டாம். மருந்துக் கடையில ஐசோப்ரோபைல் ஆல்கஹால் கிடைக்கும், 99 சதவீதம் போட்டதா வாங்கு. 70ல மீதி தண்ணி. ஒரு ஜாம் பாட்டில்ல ஊத்தி, பேரிங்க போட்டு மூடிக் குலுக்கு. கறுப்பா வரும். கொட்டிட்டுப் புதுசு ஊத்து, தெளிவா நிக்கற வரைக்கும் குலுக்கு. ஜன்னலத் திறந்து வை, அடுப்பு பக்கத்துல வேண்டவே வேண்டாம். நீ தனியா இருக்கும்போது செய்யாத. அதாவது, யாராச்சும் வீட்ல இருக்கும்போது செய்.

ஹேர் டிரையர்ல காய வைக்கலாம். காத்தடிச்சு விர்ருன்னு சுத்த மட்டும் விடாத, எண்ணெயில்லாம சுத்தினா குண்டும் ரேஸும் ஒண்ண ஒண்ணு தேச்சுக்கும். நல்லாக் காஞ்சதும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, மிஞ்சினா ரெண்டு. நிறைய விட்டா வழிஞ்சு தூசிய இழுத்துக்கும். நீல டப்பா ஸ்பிரே, அந்த WD-40, அடிச்சாப் போதும்னு யாராவது சொல்லுவாங்க. அது துரு இளக்க, ஈரம் தள்ள நல்லது. அதையே எண்ணெயா நம்பாத, இருக்கற எண்ணெயையும் கழுவி எடுத்துட்டு நாலு நாள்ல காஞ்சு நிக்கும். இந்தக் கடுதாசிய எட்டிப் பாத்துட்டு உங்கம்மா "தேங்காண்ணெய் விடச் சொல்லுங்க"ன்னா. மார்கழி காலைல இங்கயே பாட்டில்ல உறைஞ்சு நிக்குது, உங்க ஊர்ல அது மெழுகுவத்தி ஆயிரும்.

புதுசு வாங்கறதுன்னா 608தான். துளை 8 மில்லி, வெளி வட்டம் 22, அகலம் 7. நீ ஏழாவது படிக்கும்போது பட்டறையில உக்காந்து 6203 எடுத்தா 17 மில்லி, 6204 எடுத்தா கடைசி எண்ண அஞ்சால பெருக்கி நாலஞ்சு இருவதுன்னு துளைய அளந்து பாக்காமச் சொல்லுவ. வர்ற கஸ்டமர்கிட்டயெல்லாம் காட்டுவேன். 608 கையில எடுத்து "எட்டஞ்சு நாப்பதா வரணும், இது சுண்டு விரல்கூட நுழையலியே"ன்னு கேட்ட. 10 மில்லிக்குக் கீழ கடைசி எண்ணுதான் துளைன்னு அன்னிக்குத்தான் எனக்கே ஒழுங்கா வெளங்குச்சு. இன்ஜினியரிங் காலேஜ்ல கூட யாரும் உன்ன மாதிரி கேள்வி கேக்கலன்னு உங்க வாத்தியார் சொன்னார். அவ்வளவு கேள்வி கேட்ட பொண்ணு இப்ப ஏழு மாசம் ஒரு கேள்வியும் கேக்கல.

ஏபெக் 5, 7, 9ன்னு போட்டு விலை ஏத்துவாங்க. அது எவ்வளவு நுணுக்கமா கடைஞ்சிருக்காங்கன்னு சொல்ற அளவு. அடி தாங்குமா, உள்ள என்ன எண்ணெய்னு அது சொல்லாது. கணக்கப் பாரு. உன் சக்கரம் 54 மில்லின்னு மேலயே போட்டிருக்கு, ஒரு சுத்துக்கு 17 சென்டிமீட்டர் போகும். மணிக்கு 15 கிலோமீட்டர்ல போனா நிமிஷத்துக்கு ஏறக்குறைய 1,500 சுத்து. நம்ம மாவு மில் மோட்டார் 1,440 சுத்து சுத்துது, அதுக்கு என்ன ஏபெக்கா கேக்கறாங்க? சாதாரண 608 இதப்போலப் பல மடங்கு வேகம் தாங்கும். வேகம் இல்ல உன் பிரச்சினை. குதிச்சு இறங்கறதும் பக்கவாட்டுல வழுக்கறதும்தான். அந்தப் பேரிங் பாரத்த நேரா வாங்கறதுக்குச் செஞ்சது, பக்கவாட்டு அடி கொஞ்சம்தான் தாங்கும். அதனால ஸ்கேட்போர்டுக்குன்னே விக்கறது, போன்ஸ் ரெட்ஸ் மாதிரி, ஒரு பக்கம் கழட்டற ரப்பர் மூடியோட இருக்கறத வாங்கு. செராமிக் வேண்டாம். குண்டு துருப்பிடிக்காதுதான், ரேஸ் இரும்புதான, அது பிடிக்கும். காசு உன் காசு, இருந்தாலும் சொல்றேன்.

மாட்டும்போது சுத்தியல் எடுக்காத. ஆக்ஸில்ல பேரிங்கப் போட்டு, மேல சக்கரத்த வச்சு, ரெண்டு கையாலயும் சமமா அமுக்கு. திருப்பி, ஸ்பேசரப் போட்டு, இன்னொரு பேரிங்க அமுக்கு. நட்டை இறுக்கிட்டு, சக்கரத்தப் பிடிச்சு ஆட்டினா மயிரிழை ஆட்டம் இருக்கற அளவுக்குத் தளர்த்து. ஸ்பேசர் இல்லாம மாட்டாத அம்மணி. ஒண்ணு தொலைஞ்சாலும் புதுசு வாங்கற வரைக்கும் ஓட்டாத.

ஸ்பேசர் ஸ்பேசர்னு எத்தன தடவ எழுதிட்டேன்னு திருப்பிப் படிச்சா எனக்கே தெரியுது. ஏன்னு சொல்லிடறேன்.

நீ பதினொண்ணாவது படிக்கும்போது விழுந்தது. இடது மணிக்கட்டு. நீ ரோட்டுக் குழியில விட்டுட்டன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். உங்க பெரியப்பா முன்னால "பேலன்ஸ் இல்லாதவளுக்கு இது எதுக்கு"ன்னு உன்னையே கேட்டேன். நீ கட்டுப் போட்ட கையோட தலையக் குனிஞ்சுக்கிட்டு "நான்தான் சரியா பாக்கலப்பா"ன்ன.

குழி இல்ல கண்ணு. அதுக்கு முந்தின நாள் ராத்திரி நான்தான் சக்கரத்தக் கழட்டிச் சுத்தம் பண்ணேன். நாலு ஸ்பேசரையும் எடுத்துத் தனியா வச்சு, "எதுக்கு நடுவுல வேண்டாத புஷ்ஷு"ன்னு சிரிச்சேன், நீயும் சிரிச்ச. ஒரு பேரிங் போயிருந்துச்சு. புதுசு 608 அப்ப முப்பது ரூபாயோ நாப்பது ரூபாயோ இருக்கும். வாங்காம, யாரோ ரிப்பேருக்குக் குடுத்த ட்ரில் மிஷின்ல கழட்டிப் போட்டதுல ஒண்ண எடுத்து மாட்டினேன். மோட்டார் கவர் முறுக்கற மாதிரி நட்ட முறுக்கினேன். நடுவுல ஸ்பேசர் இல்லாததால ரெண்டு இன்னரும் உள்பக்கமா நெரிஞ்சு குண்டைப் பிடிச்சுக்கிச்சு. நீ விழுந்த அன்னிக்கு சாயங்காலம், ஆஸ்பத்திரியிலேருந்து வந்து, பட்டறைக் கதவச் சாத்திட்டுத் திறந்து பாத்தேன். குண்டுகள இடம் மாறாமப் பிடிச்சு வைக்கற கேஜ் மூணு துண்டா வந்துச்சு. ஏழு குண்டுல அஞ்சுதான் இருந்துச்சு. இன்னர் சூட்டுல நீலம் பாரிச்சிருந்துச்சு.

முப்பது வருஷம் பேரிங் மாத்தறவன் செஞ்ச வேலை. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. மறுநாள் போர்டை இரும்புக் கடைக்காரனுக்குப் போட்டுட்டேன். "பொம்பளப் புள்ளைக்கு வேண்டாம்னு அப்பவே சொன்னேன்"ன்னு ஊர் சொன்னத நானும் திருப்பிச் சொன்னேன். அந்தப் பேரிங்க மட்டும் போடல. கோபால் பல்பொடி டப்பாவுல, லாக்கர் மேல, இன்னிக்கும் இருக்கு.

அதுக்கப்புறம் எது கோளாறானாலும் நீ முதல்ல "நான்தான் சரியா பாக்கல"ன்னே சொல்ற. பரீட்சைல ரெண்டு மார்க் போனாலும் அதுதான், ஏர்போர்ட்ல பெட்டி தொலைஞ்சப்பவும் அதுதான். நான் கேட்டுக்கிட்டுச் சும்மாத்தான் இருந்தேன். அப்படிச் சும்மா இருந்த விஷயம் இன்னொண்ணும் உண்டு. தேதி குறிக்கறதுக்கு முந்தி நாலு மாசம் பொறுக்கச் சொல்லிக் கேட்ட. அத இப்ப எழுத வரல.

பார்சல் போட்டிருக்கேன். எட்டு 608, ஸ்பேசர் ஆறு (ரெண்டு கூடுதல்), தையல் மிஷின் எண்ணெய் வேண்டாம்னு கொரியர்காரன் சொல்லிட்டான், அத அங்கயே வாங்கிக்கோ. உங்கம்மா பருப்புப் பொடி வச்சிருக்கா, ரெண்டு பேருக்கு ஆகற அளவு. நான் ஒண்ணும் சொல்லல அவகிட்ட. எனக்கே ஒண்ணும் தெரியாதே.

ஒண்ணு மட்டும். அந்தப் போட்டோ நீ எடுத்தது ஞாயித்துக்கிழமை காலைல. ஞாயித்துக்கிழமை எந்த ஆபீஸுன்னு அப்புறந்தான் எனக்கு உறைச்சுது.

மணிக்கட்டுக்குப் பட்டை போட்டுக்கோ, தலைக்கவசம் போட்டுக்கோ. அந்த ஏரிக்கரை பார்க்கை போன் மேப்புல பாத்தேன், பெருசா, வழவழன்னு இருக்கு. நம்ம கணபதி ரோடு மாதிரி இல்ல.

வர்ற ஞாயித்துக்கிழமை பையனுக்கு லீவு. காலைல ஏழு மணிக்கு அம்மா கோயிலுக்குக் கிளம்பிருவா, வர ஒம்போது ஆகும். இங்க ஏழுன்னா உனக்குச் சனிக்கிழமை ராத்திரி ஒம்போதரை. நான் பட்டறையில தனியாத்தான் இருப்பேன். பேரிங் கழுவி முடிச்சிருந்தா சத்தத்தப் போட்டுக் காட்டு. கழுவலன்னாலும் பரவால்ல, கூப்பிடு.

இப்படிக்கு,
அப்பா