அந்தத் தந்துகி மறுநாள் திறந்ததா?

நரம்பியல் ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கும் குழுக்களின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உயிருள்ள சுண்டெலியின் தண்டுவடத்தில் ரத்தம் ஓடுவதை லேசர் ஒளியால் திசுவுக்குள் பார்க்கும் இரட்டை ஃபோட்டான் நுண்ணோக்கியில் பார்த்து அளப்பது என் வேலை. "மூளையில் இதையெல்லாம் பார்த்தாகிவிட்டதே, தண்டுவடத்துக்கு எதற்குத் தனியாக இவ்வளவு காலம்?" என்று எங்களிடம் கேட்கிறீர்கள். அதற்குப் பதிலாகவே இந்த மடல்.

மூளையில் நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல் பகுதி மேலே இருக்கிறது. தண்டுவடத்தில் அது உள்ளே, சுற்றிலும் வெண்பகுதி. அதில் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் என்ற கொழுப்புறை ஒளியைச் சிதறடித்துவிடுவதால், கொஞ்ச ஆழத்திலேயே படம் மங்கிவிடும். போதாததற்கு, எலி மூச்சுவிடும் ஒவ்வொரு முறையும் முதுகெலும்பு அசையும். நாங்கள் தேடும் தந்துகி என்ற மிக நுண்ணிய ரத்தக்குழாயின் விட்டமோ சில மைக்ரான்தான். எலும்புக் கணுக்களைக் கவ்வி அசையாமல் நிறுத்தக் கை பழகுவதற்கே மாதங்கள் பிடிக்கும்.

வால் சிரையில் ஒளிரும் சாயத்தை ஏற்றினால் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா மட்டும் ஒளிரும். சிவப்பணுக்கள் கருநிழல்களாக நகரும். நாளத்தின் நீளவாக்கில் ஒரே கோட்டில் லேசரைத் திரும்பத் திரும்ப ஓட்டி, அந்த வரிகளைக் கீழே கீழே அடுக்கினால், நிழல்கள் சாய்ந்த கீற்றுகளாகத் தெரியும். சாய்விலிருந்து வேகத்தைக் கணக்கிடலாம். தண்டுவடத்தில் இருந்த காயத்துக்குப் பக்கத்தில் ஒரு தந்துகியில் அந்தக் கீற்றுகள் மெல்ல நிமிர்ந்து, செங்குத்தாக நின்றுபோனதைப் பார்த்தேன். ரத்தம் நின்றுவிட்டது.

மறுநாள் அது திறந்ததா? எனக்குத் தெரியாது. ஒருநாள் பரிசோதனைக்கே அனுமதியும் பணமும் இருந்ததால், அன்று மாலையே அந்த உயிரை முடிக்க வேண்டியிருந்தது.

தண்டுவடக் காயத்தில் சேதம் முதல் அடியோடு நிற்பதில்லை. ரத்தக்கசிவும் வீக்கமும் ஓட்டக்குறைவுமாக மணிக்கணக்கில், நாட்கணக்கில் பரவுகிறது. அந்த நாட்களைப் பார்க்காமல் எந்த மருந்தை எப்போது கொடுப்பது?

இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. 2012இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுண்டெலியின் முதுகில் கண்ணாடிச் சன்னல் கொண்ட சிறு அறையைப் பொருத்தி, மறு அறுவை இல்லாமலே, 5 வாரங்களுக்கு மேல் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுத்துக் காட்டினார்கள். அந்த எலிகளின் நடையில் குறை தெரியவில்லை. ஒரே எலியைத் தொடர்ந்து பார்ப்பதால், கொல்ல வேண்டிய எலிகளின் எண்ணிக்கையும் குறையும்.

ஆகவே, முதலாண்டு அறிக்கையில் முடிவுகளைக் கேட்காதீர்கள். சன்னல் தெளிவாக நிற்கிறதா என்று கேளுங்கள். வாரக்கணக்கில் தொடரும் பரிசோதனைகளுக்கும், மயக்கமருந்துக்கும், எலிகளைப் பராமரிக்கும் ஆளுக்கும் தனியே நிதி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
தண்டுவட ரத்தவோட்ட ஆய்வாளர் ஒருத்தி