பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புள்ள ஊரவர்களுக்கும், வெளிநாடுகளில் இருந்து உதவிய எம் உறவுகளுக்கும்,

ஊர்ப் பழைய ஆஸ்பத்திரியின் பெரிய வார்டு இப்போது வாசிகசாலை. பக்கத்து அறையில் நீரிழிவு, பிறசர் பார்க்கும் கிளினிக் நடக்கிறது. பணம் தந்தவர்களின் பெயர்கள் பலகையில் ஏறிவிட்டன. இந்த மடல், கைவேலையும் அனுபவமும் தந்தவர்களுக்கானது.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த ஆண்டு மானிப்பாயில் நிலைகொண்டு வைத்தியம் பார்த்தார். மேலை மருத்துவம் படிப்பித்து 60க்கு மேற்பட்டவர்களை மருத்துவர்களாக்கினார்; அவர்களில் பலருக்குத் தமிழிலேயே படிப்பித்தார். அவர் காலத்து வார்டுகளின் அமைப்பை எங்கள் கட்டடத்திலும் காணலாம்: உயர்ந்த கூரை, எதிரெதிரே யன்னல்கள், சுற்றி விறாந்தை. கெட்ட காற்றுத்தான் நோய்க்குக் காரணம் என்று நம்பிய காலம் அது. நம்பிக்கை பிழை, கட்டிய முறை சரி. வாசிகசாலையில் பகலில் மின்விசிறி தேவைப்படுவதில்லை.

முதல் நன்றி, சுண்ணாம்பு வேலை தெரிந்த மூத்த மேசன்மாருக்கு. சுவரில் பிற்காலத்தில் பூசிய சீமெந்தை முழுதாகக் கழற்ற வேண்டும் என்று அவர்கள் உறுதியாக நின்றார்கள். நிலத்தின் ஈரம் முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விடும், சீமெந்து விடாது. ஈரம் உள்ளேயே தங்கி இன்னும் மேலே ஏறும். உப்புப் பூத்துக் கல் மாவாக உதிரும். இங்கே சீமெந்தைத் தட்டியபோது பின்னாலிருந்த கல் விரலால் கிள்ளும் பதத்தில் இருந்தது. பூத்த உப்பைக் கழுவக் கூடாது, கரைந்து திரும்பவும் சுவருக்குள் போகும். காய்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளியவர்கள் எங்கள் இளைஞர்கள். அலுப்பான வேலை, நன்றாகச் செய்தார்கள்.

சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் போட வேண்டும். அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். நீர்த்ததைக் குழியில் தண்ணீர் மூடி நிற்க 3 மாதமாவது ஊறவிட்டால் வெண்ணெய் போலாகும். கலவை, சுண்ணாம்பு 1 பங்குக்கு மணல் 3 பங்கு. கடற்கரை மணல் சேர்த்தால் உப்பை நாமே சுவருக்குள் வைத்ததாகிவிடும். சுவரை நனைத்து, ஒரு பூச்சுக்கு 10 மில்லிமீற்றர் அளவில் நிறுத்தி, ஈரச்சாக்குத் தொங்கவிட்டு, ஒரு கிழமையாவது தண்ணீர் தெளிக்க வேண்டும். வெயிலில் சுருக்காகக் காய்ந்தால் வெடிக்கும். காலையும் மாலையும் தவறாமல் தெளித்த அயல்வீட்டு அம்மாமாரை மறக்கமாட்டோம்.

மரவேலை செய்த ஓடாவிமாருக்கும் நன்றி. கூரையைத் தாங்கும் பனஞ்சிலாகைகள் நடுவில் உறுதியாகவே இருந்தன. சுவருக்குள் காற்றுப்படாமல் புதைந்த நுனிகள்தான் உக்கியிருந்தன. முழுக்கூரையையும் மாற்றாமல் நுனியை மட்டும் வெட்டி ஒட்டுப்போட்டு, சுற்றிவரக் காற்றுப் போக இடம் விட்டார்கள். செலவு பெரிதும் குறைந்தது.

இங்கே முன்பு வேலை செய்த ஓய்வுபெற்ற தாதிமாரின் எச்சரிக்கைக்குத் தனி நன்றி. உடைந்த வெப்பமானிகளின் பாதரசம் தரை வெடிப்புகளில் இருக்கக்கூடும், விளக்குமாற்றால் கூட்டினால் சிதறிப் பரவும் என்றார்கள். அப்படியே மணிமணியாகத் தென்பட்டது. கடதாசி மட்டையால் ஒதுக்கிச் சேர்த்து, மூடியிறுகிய போத்தலில் அடைத்து ஒப்படைத்தோம். பழைய யன்னல் பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் நனைத்தே சுரண்டினோம். நோயாளர் பதிவேடுகளை நிழலில் உலர்த்திப் பூட்டி வைத்திருக்கிறோம். பெயர்கள் உள்ள பக்கங்கள் காட்சிக்கு வராது.

இனியொரு வேண்டுகோள். சுவருக்குப் பிளாஸ்டிக் பெயின்ற் அடித்துத் தர முன்வந்தவர்களின் அன்பு பெரிது, ஆனால் சீமெந்து செய்த கெடுதலையே அதுவும் செய்யும். அந்தப் பணத்தை மழைநீர் வழிந்தோடும் கூரைப் பீலிக்குத் தாருங்கள். ஐப்பசி மழைக்கு முன்னர் அதிலுள்ள சருகை அள்ளாவிட்டால் தண்ணீர் வழிந்து சுவரடிக்கே வரும். குழியில் மிஞ்சிய சுண்ணாம்பு தண்ணீருக்குள் இருக்கிறது. பழைய வீடு திருத்துவோர் வாளியோடு வந்து எடுத்துச் செல்லலாம்.

நன்றியுடன்,
கட்டடப் பராமரிப்புக் குழுவினர்