பிச்சாவரம் நத்தைக் கணக்கெடுப்பும் மற்ற பணிகளும்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

உறுப்பினர்களுக்கு வணக்கம். செயற்குழு வழக்கம்போல் கூடியது. பிப்ரவரி 2, உலக ஈரநில நாளன்று பள்ளிப் பிள்ளைகளைப் படகில் அழைத்துப் போனோம். கோடை முகாமும் நடந்தது.

அப்புறம் நத்தைக் கணக்கெடுப்பு. பிச்சாவரம் அலையாத்திக் காடு 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் பறவையைத்தான் கேட்கிறார்கள். ஆனால் அங்கே மக்கிய இலையையும் பாசியையும் மேய்ந்து சேற்றைக் கிளறிக்கொண்டிருப்பது நத்தையும் நண்டும்தான், அதை நாமாவது எண்ணி எழுதி வைப்போம் என்று போன பொதுக்குழுவில் சொன்னேன். நிறையப் பேர் பெயர் கொடுத்தார்கள்.

முறை எளிது. வாய்க்கால் ஓரம், நடுக்காடு, கரைப்பக்க மேடு என்று மூன்று இடம். நீர் வற்றியதும் அரை மீட்டர் சட்டத்தைச் சேற்றில் வைத்து உள்ளே இருப்பதை எண்ண வேண்டும். திறந்த சேற்றில் செரித்தீடியா என்ற நத்தையின் சிறு கூம்பு ஓடுகள் கொட்டிக் கிடக்கும், ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்க்கணும்: வாயில் பழுப்பு மூடி இருந்தால் நத்தை, கால் நீட்டினால் காலி ஓட்டில் குடியேறிய துறவி நண்டு, அது கணக்கில் சேராது. விரல் நீளத்துக்கு வளரும் டெலஸ்கோப்பியம் நத்தை ஈரச் சேற்றில் பாதி புதைந்திருக்கும். மேட்டில் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் அடியில் ஒட்டியிருக்கும் காசிடுலா நத்தை செவுள் இல்லாமல் காற்றைச் சுவாசிப்பது. லிட்டோரேரியா நத்தையோ நீர் ஏற ஏற மரத்தில் ஏறிவிடும். சுரபுன்னை என்ற இன்னொரு அலையாத்தி மரத்தின் வேரில் ஆளிச் சிப்பி. நம் கரையில் ஓதம் ஒரு மீட்டர்கூட ஏறாது, ஆனாலும் ஒரு சாண் உயரம் கூடினால் அங்கே வாழும் இனமே மாறிவிடுகிறது, இதை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

வருத்தம் என்னவென்றால், கோடையில் வந்தவர்களில் பாதிப்பேர்கூட மழைக்காலத்தில் வரவில்லை. வெள்ளாற்றிலும் கொள்ளிடத்திலும் நன்னீர் இறங்கி உப்பு குறையும் ஐப்பசி, கார்த்திகையில்தான் எது தாங்குகிறது, எது குறைகிறது என்று தெரியும். கோடையில் மட்டும் எண்ணினால் அது பாதிக் கணக்கு. வேலை, உடம்பு, குடும்பம் எல்லாருக்கும் உண்டு, புரிகிறது. வர முடியாது என்று முதல் நாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெரிய படகு பேசியிருக்க மாட்டோம்.

வரவு செலவு ஏறத்தாழச் சரியாக இருக்கிறது, விவரம் பொருளாளரிடம் பார்க்கலாம். சந்தா பாக்கிதான் பெரிய குறை. சிலர் தொடர்ந்து இரண்டாம் ஆண்டாகக் கட்டவில்லை, பெயர் சொல்ல விரும்பவில்லை. படகு வாடகையை இரண்டு உறுப்பினர்கள் கைக்காசு போட்டுச் சமாளித்தார்கள். அவர்களுக்கும், எந்த இடத்தில் கால் புதையும் என்று சொல்லிக்கொடுத்த படகோட்டிகளுக்கும், கூட்டத்துக்கு இடம் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் அதே மூன்று இடங்களில் எண்ண வேண்டும், இடம் மாறினால் ஒப்பிட முடியாது. ஐப்பசிக்குள் பாக்கி வந்து சேர்ந்தால் மழைக்காலப் படகுக்கு முன்பணம் கொடுத்துவிடலாம். சேற்றில் இறங்க ஐந்தாறு பேர் நிச்சயமாகச் சொன்னால் போதும், சட்டமும் பதிவேடும் தயாராக இருக்கின்றன.

செயலாளர்